கையைப் பின்னால் கட்டியவன்

திடலில் யாராவது மிதித்துத் தள்ளினால் அவன் செய்கிற முதல் காரியம், எழுந்து நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதுதான். காலைத் தடவிப் பார்க்கமாட்டான். மிதித்தவனை முறைக்கமாட்டான். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கோத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, நடுவர் என்ன சொல்கிறார் என்று கேட்பான். கேட்டுவிட்டு "பாய்க், துவான்" என்பான். சரிங்க ஐயா என்று அர்த்தம். பிறகு தன் இடத்துக்கு ஓடிவிடுவான். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவன் ஆடிய கால்பந்து அணியின் இரண்டாவது கோல் கீப்பர். முதல் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால்தான் எனக்கு வேலை. அந்த மனுஷனுக்குக் காய்ச்சலே வராது. அதனால் நான் ஆடியதைவிட ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அவனும் நானும் கிள்ளான்காரர்கள். அணி கோலாலம்பூர் அணி, பயிற்சி செராஸில். அவனுடைய பழைய காரில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். அவன் நடு ஆட்டக்காரன். பந்து அவன் காலில் இருக்கும்போது மற்றவர்களுக்கெல்லாம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை, எதிரணிக்காரர்களே ஒப்புக்கொண்ட விஷயம். பெயரை மட்டும் சொல்லமாட்டேன், சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

எங்கள் ஊரில் தமிழ் ஆட்டக்காரனுக்கு ஒரு சொல் தயாராக இருக்கும். பானாஸ். சூடு என்று அர்த்தம். இந்தியன் நன்றாக ஓடுவான், ஆனால் பானாஸ். நடுவர் மீது கை வைப்பான், ஆட்டம் முடிந்தால் தண்ணி போடுவான், எங்காவது ஒரு கேங்கில் இருப்பான். ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்கிறவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பார்க்க வந்தவர்கள் கத்திச் சொல்வார்கள். இவர்களை எல்லாம்விட அதிகமாகச் சொல்கிறவர்கள் நம் ஆட்கள்தான். என் சொந்த மாமாவே, நான் தொழில்முறை அணியில் சேர்ந்த அன்று, எவனையும் அடித்துத் தொலைக்காதே என்றுதான் வாழ்த்தினார்.

அவன் பிறவியிலேயே சாது இல்லை. பத்தொன்பது வயதில் ஓர் ஆட்டத்தில் அவனை ஒருவன் முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தான். நடுவர் பார்க்கவில்லை. இவன் ரத்தம் ஒழுக ஒழுக நடுவரிடம் ஓடி, விரலை நீட்டிக் கத்தினான். அடிக்கவில்லை, தொடவில்லை, கத்தினான், அவ்வளவுதான். சிவப்பு அட்டை. யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்து வலைத்தளத்தில் போட்டார்கள். இடித்தது அதில் இல்லை, கத்தியது மட்டும் இருந்தது. கீழே அத்தனை பேரும் சம்செங், சம்செங் என்று எழுதியிருந்தார்கள். ரவுடிக்கு மலாயில் அப்படிச் சொல்வது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அவன் அம்மாவிடம், அவருடைய மேற்பார்வையாளர் சாப்பாட்டு நேரத்தில் அதைக் காட்டி, இது உன் மகனா என்று கேட்டிருக்கிறார். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து அதை அவனிடமே சொல்லி அழுதிருக்கிறார். அவன் இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான், சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. கை பின்னால் போனது அதற்குப் பிறகுதான்.

கையோடு நிற்கவில்லை என்பதுதான் வினை. தலைமுடியை எப்போதும் ஒட்ட வெட்டியிருப்பான். கறுப்புச் சட்டை போடமாட்டான். காரில் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டமாட்டான். பயிற்சி முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் டீ குடிப்போம். வேறு அணிகளில் ஆடும் நம் பையன்களும் அங்கே வருவார்கள். ஒரு மேசையில் மூன்று தமிழர்கள் வரைக்கும் அவன் உட்கார்ந்திருப்பான். நான்காவது ஆள் நாற்காலியை இழுத்தால் இவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவான். ஏன்டா என்றால், நாலு பேர் உட்கார்ந்தால் பார்க்கிறவனுக்குக் கேங்காகத் தெரியும் என்பான். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு சிலருக்குச் சுருக்கென்றது. செமினியிலிருந்து வருகிற ஒருவன், இவர் பெரிய ஆள், நம்மோடு உட்கார்ந்தால் தீட்டு என்று முகத்துக்கு நேராகவே சொன்னான். அதற்கும் இவன் சிரித்துவிட்டு டீயைக் குடித்தான். பார்க்கிறவன் எவன்டா, இங்கே எல்லோரும் நம் ஆட்கள்தானே என்று நான் காரில் வரும் வழியெல்லாம் கத்தினேன். அவன் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

ஒரு வெளியூர் ஆட்டத்தில் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற சில பேர் அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்கு மாதிரி சத்தம் போட்டார்கள். நடுவில் அந்தச் சொல்லும் வந்தது. மலேசியத் தமிழன் எவனுக்கும் அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நம்மை இழிவாகச் சொல்லும் சொல், குழந்தையிலிருந்து கேட்டிருக்கிறோம். நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கிக் கிளம்பிவிட்டேன். பந்து வெளியே போயிருந்த நேரம் அது. அவன் திடலுக்குள்ளிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"நீ எறிஞ்சா உன்னை மட்டுமா எழுதுவானுங்க? என்னையும் சேத்துத்தான்டா எழுதுவானுங்க," என்றான்.

அவன் பயப்பட்டது அவர்களுக்கு இல்லை, எனக்கு. அது எனக்கு அன்று மிகவும் வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவிலிருந்து புதுப் பயிற்றுநர் வந்தார். நல்ல மனிதர், நேரம் தவறமாட்டார், யாரையும் தாழ்த்திப் பேசமாட்டார். ஆனால் அவர் நெஞ்சில் வேறொரு படம் இருந்தது. ஆசிய ஆட்டக்காரன் என்றால் குட்டையாக இருப்பான், நிறைய ஓடுவான், சொன்னதைச் செய்வான், வாயைத் திறக்கமாட்டான். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று சாப்பாட்டில்கூட ஒன்றுசேராத எங்களை ஒரே இனமாக்கிய பெருமை அவருக்குத்தான். நான் வாய் திறந்தால் மட்டும் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்ப்பார். முதல் ஆட்டத்தில் இவன் மிதிபட்டுக் கையைக் கட்டி நின்றதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, இவன் என்ன சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கிறவனா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஆனால் ஆட்டம் அவருக்குப் புரிந்தது. சில மாதங்களில் இவன் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். தன் நாட்டில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஓர் அணிக்கு இவனைப் பற்றிச் சொல்லி, அந்த அணியின் ஆளை ஓர் ஆட்டம் பார்க்க வரவழைத்தார். அந்த ஆளுக்குப் பிடித்துவிட்டால் அங்கே சோதனைக்கு அழைப்பார்கள். சோதனையில் தேறினால் ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் தமிழன் ஒருவன் அந்த மாதிரி போனதாக நான் கேட்டதே இல்லை. இவனுக்கு வயது இருபத்தெட்டு. இதை விட்டால் இன்னொரு முறை யாரும் கூப்பிடமாட்டார்கள், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா கிள்ளானில் ஒரு பண்டில் கடையில், பழைய துணி விற்கிற இடத்தில், தடிமனான குளிர் கோட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வெயிலில் காயப்போட்டுவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். வருகிற ஆள் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: ஆசியர்கள் நிறையப் பேரைப் பார்த்தாயிற்று, கால் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது, நெஞ்சு இல்லை, தோற்றுக்கொண்டிருக்கும்போது அணியை இழுத்துக்கொண்டு போகிற ஆள் வேண்டும். பயிற்றுநர் இவனைத் தனியாக அழைத்து, அன்றைக்கு ஒரு முறையாவது நடுவரின் முகத்துக்கு நேராகப் போய் நில், குரலை உயர்த்து, நீ இருக்கிறாய் என்று பார்க்க வந்தவனுக்குத் தெரியட்டும் என்றார்.

காரில் வரும்போது அவன் இதைச் சொன்னான். பிறகு என்னிடம் கேட்டான். "எப்படிடா கத்துறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ பேர் எனக்குக் கத்தாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கத்தச் சொல்லிக்கொடுக்க என்னைத் தேடி வந்தவன் இவன் ஒருவன்தான். சாயங்கால நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் நின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இப்போது நான்தான் நடுவர், நீ மிதிபட்டவன், வந்து கேள் என்றேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, துவான், மன்னிக்கணும், அவர் என் காலை மிதிச்சதை நீங்க கவனிச்சீங்களா என்றான். வங்கியில் வரிசை எங்கே என்று கேட்கிற குரல். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் மன்னிக்கணும் வந்தது. பல முறை ஆயிற்று. கடைசியில் எனக்கு எரிச்சல் தாங்காமல், எதிரணிக்காரன் சொல்வதுபோல அந்தச் சொல்லை நானே அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். "பாத்தியாடா? பாத்தியா இல்லையா? கண்ணை எங்கடா வெச்சிருந்தே?" என்று தொடங்கினான், நிற்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஓங்கி அறைந்ததில் ஹார்ன் வேறு அலறியது. என்னை இல்லை, எதிரே இல்லாத யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டியவனையும் கேட்டான். நான் நிஜமாகவே கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

பக்கத்துக் காரில் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். நெற்றியில் குங்குமம், அவன் அம்மா வயதுதான் இருக்கும். ஹார்ன் சத்தத்துக்குத் திரும்பியவர், கண்ணாடி வழியாக இவன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை நீட்டிக் கதவின் பூட்டுக் குமிழை அமுக்கினார். பிறகு எம்பிப் பின்கதவின் குமிழையும் அமுக்கினார்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். வாய் அப்படியே மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக அவரிடம் மன்னிச்சிடுங்கம்மா என்று உதட்டை அசைத்தான். அவர் அதற்குள் முன்னால் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஷா ஆலாம் தாண்டும்போது சொன்னான். "நடிக்கலாம்னுதான் பாத்தேன். நெசமா வந்துருச்சுடா. அதான் பயமா இருக்கு."

கத்தாட்டிப் போவுது லா, உன் ஆட்டத்தைப் பார்த்தாலே வர்ற ஆளுக்குத் தெரியும் என்று நான் சமாதானம் சொன்னேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆட்டத்தன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. வந்த ஆள் மேலே, எங்கள் நிர்வாகிகளுக்குப் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். நடுவர் யார் என்று பார்த்தேன். அவர் ஒரு தமிழர். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து, தம்பிகளுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றுங்கள் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தவர். அடுத்த வாரமே திடலில் எங்களை யாரென்று தெரியாதவர்போல் பார்த்தார். திடலில் அவர் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டார், மலாய்தான். முன்பு ஒருமுறை, சொந்த இனத்துக்குச் சாதகமாக ஊதினார் என்று யாரோ புகார் கொடுக்க, ரொம்ப நாள் அவருக்குப் பெரிய ஆட்டங்களே கிடைக்கவில்லை. அது முதல் தமிழ் ஆட்டக்காரர்களிடம் அவர் ஒரு பிடி அதிகமாகவே கறாராக இருப்பார். முதல் பாதியில் இவன் ஈரப் புல்லில் வழுக்கி ஒருவன் காலில் விழுந்ததற்கு ஓடிவந்து மஞ்சள் அட்டை காட்டினார். வேறு யாராக இருந்தாலும் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும் என்று நான் பெஞ்சில் பல்லைக் கடித்தேன்.

அன்று அவன் ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் பாதியில், சரியாக எங்கள் பெஞ்சுக்கு எதிரே, பந்து போன பிறகு எதிரணிக்காரன் ஒருவன் இவன் கணுக்காலை வேண்டுமென்றே மிதித்து, குனிந்து அந்தச் சொல்லையும் காதில் சொல்லிவிட்டுப் போனான். நடுவர் பத்தடி தள்ளி நின்றார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். விசிலை வாய்வரை கொண்டுபோனவர், ஊதாமல், பந்து கோட்டைத் தாண்டியதற்கான எறிதலை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினார்.

பயிற்றுநர் துள்ளி எழுந்து, போ, இப்போது போ என்று கத்தினார். மேலே குடைக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இவன் எழுந்தான். நொண்டிக்கொண்டே நடுவரை நோக்கி நடந்தான். கைகள் பின்னால் போகவில்லை, விரலும் நீளவில்லை, இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அவன் முகம் தெரிந்தது. கத்தப் போகிறவன் முகம் இல்லை அது. அம்மாவிடம் ஏதோ கேட்கப் போகிற பிள்ளையின் முகம். அத்தனை வருடம் துவான் துவான் என்று கூப்பிட்டவரிடம் போய் நின்று, அடங்கின குரலில் கேட்டான்.

"அண்ணே, நீங்க பாத்தீங்கதானே?"

நடுவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற எதிரணித் தலைவன் உடனே கையை விரித்து, என்ன இது, உங்கள் பாஷையில் என்ன பேசிக்கொள்கிறீர்கள், எல்லோருக்கும் புரிகிற மாதிரி மலாயில் பேசுங்கள் என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நடுவரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. மஞ்சள். அது இரண்டாவது மஞ்சள் என்பதால் அதன் பின்னாலேயே சிவப்பு. இவன் வெளியேறினான்.

பயிற்றுநருக்கு முதலில் ஒரே சந்தோஷம். கடைசியில் சண்டை போட்டுவிட்டானே என்று என் தோளைக் குத்தினார். அப்படி என்னதான் சொன்னான் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். இவ்வளவு சாதாரணமான கேள்விக்கு யாராவது ஆளை வெளியேற்றுவார்களா, நண்பனைக் காப்பாற்றுகிறாய், பரவாயில்லை என்றார். நான் சத்தியம்கூட செய்தேன். நம்பவில்லை.

சில நாள் கழித்துப் பதில் வந்தது, அழைப்பு இல்லை. குடைக்காரர் பக்கத்தில் இருந்த எங்கள் நிர்வாகியிடம் என்ன நடந்தது என்று விசாரித்திருக்கிறார். இந்தியப் பையன்கள் இப்படித்தான், திடீரென்று பானாஸ் ஆகிவிடுவார்கள் என்று அந்த மகராசன் சொல்லியிருக்கிறார். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன், பேசின ஒரே தடவை சிவப்பு அட்டை வாங்குகிறான், ஆபத்தான ஆள் என்று குடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். பேசாததற்கு ஆசியன், பேசியதற்கு இந்தியன். தாங்கமுடியாத ஆத்திரம் எனக்கு. பயிற்றுநரின் அறைக்குப் போய் மேசையைத் தட்டினேன். அந்த வருடத்தோடு என் ஒப்பந்தமும் முடிந்தது. போகட்டும்.

ஆனால் இன்றுவரை எனக்கு ஆறாதது அது இல்லை. ஆட்டம் முடிந்த அன்றே, கார் நிறுத்துமிடத்தில் நடந்தது.

கூட்டம் கலைந்திருந்தது. அவன் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். நடுவர் சாதாரண உடையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டிப் போனவர், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கால் எப்படி இருக்கிறது தம்பி என்று தமிழில் கேட்டார். வீக்கம் வடிந்துவிடும் என்றான் இவன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ மலாய்ல என்னை எப்படித் திட்டியிருந்தாலும் விட்டிருப்பேன் தம்பி. தமிழ்ல கேட்டுட்டே. அதுக்கப்புறம் நான் சும்மா இருந்தா, சொந்தக்காரனுக்குச் செஞ்சுட்டான்னு சொல்லிடுவாங்க."

நான் எழுந்துவிட்டேன். என் வாயில் என்னென்ன வந்தது என்று எனக்கே தெரியாது. இவன் பழையபடி என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தான். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"பரவால்லண்ணே. உங்க இடத்துல நான் இருந்தாலும் அட்டையத்தான் எடுத்திருப்பேன்."

அவர் அவன் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்துவிட்டுப் போனார். அவருடைய கார் வெளியே போகும் வரைக்கும் நான் காத்திருந்தேன். அவருக்கு ஆறுதலுக்காகத்தானே அப்படிச் சொன்னே என்று கேட்டேன். அவன் ஐஸ் பையைக் கட்டி உள்ளே வைத்தான். பின்கதவைச் சாத்தினான்.

"இல்லடா, நெசமாத்தான்," என்றான். "வேற என்ன செய்ய முடியும் அவரால?"

ஏறு, அம்மா காத்திருக்கும் என்றான். மிதிபட்டு வந்து கேட்டவன் நானாக இருந்திருந்தாலும் இவன் அட்டையைத்தான் எடுத்திருப்பான். நான் ஏறவில்லை. என் பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்து, கிள்ளானுக்குக் கொமுட்டர் பிடித்தேன். அதற்குப் பிறகும் ஒருநாளும் அவன் காரில் நான் ஏறவில்லை.